கதவை அளக்காத கூடு

ஜனவரி 8, புதன்

மருமகள் ஆரணி சனிக்கிழமை போய்விட்டாள். இரண்டு பெட்டிகளையும் சோறு அவிக்கும் குக்கரையும் தையல் மெஷினையும் கொண்டுபோனாள். மிளகாயை விட்டுப்போயிருக்கிறாள். அவள் போய்த் தங்கும் சிநேகிதி வீட்டில் பூனை இருக்கிறதாம்.

மிளகாய் ஒரு பச்சோந்தி. பெண். போன வருடம் வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து குஞ்சாக வாங்கி வந்தாள். அப்போது அது ஒரு பச்சைமிளகாய் அளவுதான். இப்போது வாலோடு சேர்த்தால் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரும்.

"கொஞ்ச நாளைக்கு மாமா. எனக்கொரு இடம் கிடைச்ச உடன கொண்டுபோயிடுவன். உங்களுக்குக் கரைச்சலோ?" என்று காலில் சப்பாத்தை மாட்டியபடியே கேட்டாள்.

"எனக்கென்ன கரைச்சல், பிள்ளை. பென்சன் எடுத்தவன்ர வேகத்துக்குப் பச்சோந்திதான் சரி."

சிரித்தாள். நிமலன் மேலே தன் அறையில் இருந்தான். இறங்கி வரவில்லை.

இவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நடுவில் போய் நின்றிருப்பேன். சென்ற வருடம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். நிமலன் என் மகன், நல்லவன், லொறி ஓட்டிக் களைத்து வருகிறவன். ஆனால் எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பான். மிளகாய்க்குச் செடியும் கொப்பும் வைத்து இயற்கையாக ஒரு கூடு செய்து தரும்படி ஆரணி ஒரு வருடமாகக் கேட்டாள். பாப்பம் என்றான்.

நான் செய்யப்போகிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

மிளகாயைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டி அதற்கு ஒத்துவரவில்லை. கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, வேறொரு பச்சோந்தி வந்து நிற்கிறது என்று எண்ணி, உடம்பைத் தட்டையாக்கிக் கறுத்துப்போகிறது. உதாரணமாக, பரீட்சை எழுதும் பிள்ளையைச் சுற்றி நாலு பக்கமும் மேற்பார்வையாளர்களை நிறுத்திவிட்டு "பயப்படாமல் எழுது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி நிறத்தை மாற்றும் என்றுதான் நானும் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்ததில் பெரும்பாலும் அப்படி இல்லை. குளிர்ந்தால் கறுக்கும், மிரண்டால் கறுக்கும், ஆறுதலாக இருந்தால் வெளிர்பச்சை. உள்ளே இருப்பதை வெளியே சொல்கிறது. கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று ஏசுகிறோமே, அது பிழையான உதாரணம்.

மாலையில் தங்கேஸ் அக்கா போன் எடுத்தா.

"உந்தச் சனியனை ஏன்ரா வைச்சிருக்கிறாய்? மருமகளே போயிட்டாள். அவள்ர ஓணானை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஓணான் இல்லை அக்கா, பச்சோந்தி."

"அது இன்னும் நல்லாயிருக்கு!"

போனை வைத்துவிட்டா.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தியாயிற்று. புகை மிளகாய்க்கு ஆகாது. பிள்ளையார் பொறுத்துக்கொள்வார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அடுப்பில்தான் பொங்கினேன். வெளியே குளிர்.

ஆரணி மிளகாய்க்குப் பூச்சி கொண்டு வந்தாள். பொங்கலை நின்றபடியே சாப்பிட்டாள். கதிரையை இழுத்து விட்டேன், இருக்கவில்லை. நிமலன் வேலைக்குப் போயிருந்தான்.

கூட்டின் படத்தைக் காட்டினேன். மரச் சட்டம், நாலு பக்கமும் கம்பிவலை, அடியில் தண்ணீர் வடியத் தட்டு, உள்ளே உயிருள்ள செடிகள், குறுக்கும் மறுக்குமாகக் கொப்புகள்.

"என்ன மாமா இது, ஒரு மரத்தையே வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்?"

"அது மரத்தில இருக்கிற பிராணிதானே?"

படத்தை நெடுநேரம் பார்த்தாள். "செய்யேக்க நானும் வந்து பாக்கட்டோ? லைட் எவ்வளவு உயரத்தில வரவேணும் எண்டு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நிமலனுக்கு வேலை இல்லை. அதை நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 19, ஞாயிறு

நிலக்கீழ் அறையில் வேலை தொடங்கிவிட்டது. சட்டங்களைக் கோந்து பூசி ஆணி அடித்து இறுக்குகிறேன். ஆட்டம் இருக்கக்கூடாது.

ஆரணி வந்து கொப்புகளைப் பிரித்து வைத்தாள். பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி, ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று. கொப்பு மிகப் பெரிதாக இருந்தால் பிடிக்க முடியாது, மிக மெல்லியதாக இருந்தால் கால் நோகும். சின்னப் பிள்ளைக்குப் பென்சில் கொடுப்பது போலத்தான்.

அவள் போன பிறகு நிமலன் இறங்கி வந்து பார்த்தான்.

"உந்தக் கொப்புகள் காணாதப்பா."

பின்பக்கப் பள்ளத்துக்குப் போய், பனிக்குள்ளிருந்து ஒரு நீண்ட மேப்பிள் கொப்பை இழுத்து வந்தான். கையுறை நனைந்து தண்ணீர் ஒழுகியது. பூச்சி புழு சாக, அதைத் துண்டு துண்டாக அடுப்பில் வைத்துச் சூடாக்கினோம். வீடெல்லாம் மர வாசம்.

ஜனவரி 27, திங்கள்

சட்டத்துக்குப் பூசிய வண்ணம் காயவில்லை. பொறுக்கவேண்டும்.

பெப்ரவரி 2, ஞாயிறு

மிளகாய் புது வீட்டுக்குக் குடிபோயிற்று.

செவ்வரத்தைச் சாடிகள் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டேன். சுவாமிப் படத்துக்குப் பூ எடுப்பது அதில்தான். போன கையோடு மிளகாய் ஒரு மொட்டைக் கடித்தது. இனிப் பிள்ளையாருக்கு மிச்சம்தான்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதற்குத் தெரியாது. இலையில் துளி விழுந்து மினுங்கினால்தான் தண்ணீர் என்று விளங்கும். ஆரணி குழாயால் தூவினாள். மிளகாய் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் இலையையும் பார்த்தது. பிறகு நாக்கை நீட்டித் துளியை நக்கியது. அதன் பச்சை தெளிந்து வந்தது.

"மாமா, பாருங்கோ, பாருங்கோ!" என்று என் கையைப் பிடித்தாள்.

நிமலன் படியில் பாதிவரை இறங்கி நின்றான். அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"லைட்டுக்கு டைமர் போட்டாச்சோ?" இது ஆரணி.

"இல்லை. என்னட்ட ஒண்டு இருக்கு."

"காலமை ஏழுக்குப் போட்டு, பின்னேரம் ஏழுக்கு நிப்பாட்டினாச் சரி."

"ஓம், போட்டுவிடுறன்."

போட்டும் விட்டான். உடனேயே.

பெப்ரவரி 9, ஞாயிறு

கூட்டை இன்னும் பெரிதாக்கலாம் என்று தோன்றுகிறது. பக்கத்தில் இன்னொரு பகுதி சேர்த்து உயரத்தையும் கூட்டினால் வெயில் இடம், நிழல் இடம் என்று பிரிக்கலாம். மிளகாய்க்கு நல்லது. வேலை முடிய இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பனிப்புயல். ஆரணி வரவில்லை. நிமலன் பாதையில் பனி தள்ளினான். அவளுடைய கார் நிற்கும் இடத்திலும் தள்ளினான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கூடு இப்போது இரண்டு அலுமாரி சேர்த்த அகலம். உயரம் கூரையைத் தொட ஒரு சாண் குறைவு. மணிபிளாண்ட் கம்பிவலையில் ஏறத் தொடங்கிவிட்டது. உள்ளே மிளகாயைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கிறது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆரணி சந்தோசமாக வந்தாள். "மாமா, இடம் கிடைச்சிட்டுது! ஏப்ரலில இருந்து. சின்ன அப்பாட்மென்ட்தான், ஆனா பெரிய ஜன்னல். மிளகாயையும் கொண்டுபோறன். இந்தக் கூட்டையும்... கொண்டுபோகலாம்தானே?"

"உன்ர கூடுதானே, பிள்ளை" என்றேன்.

நிமலன் அளவு நாடாவை எடுத்தான். கூட்டை அளந்தான். அறைக் கதவை அளந்தான். படி திரும்பும் இடத்தை அளந்தான். பிறகு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

"இது வெளியில போகாதப்பா."

"போகாதோ?"

"சரிச்சாலும் போகாது, நிமித்தினாலும் போகாது. எல்லாம் கோந்து. கழட்டவும் ஏலாது." என்னைப் பார்த்தான். "நீங்கள் முப்பத்தாறு வருசம் கணக்குப் படிப்பிச்சனீங்கள். கதவை அளக்க மறந்து போனீங்களோ?"

"மறந்துபோனன்" என்றேன்.

மறந்துதான் போனேன். மனிதன் மறப்பான்தானே. கூட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கொப்பின் சாய்வையும் அளந்தவன் கதவை மறப்பது நடக்கக்கூடியதுதான்.

ஆரணி கூட்டின் கதவைத் திறந்து இலைகளை ஒதுக்கினாள். "பரவாயில்லை மாமா. மிளகாய் இஞ்சையே இருக்கட்டும். அதுக்கு இது நல்ல இடம். நான் ஞாயிறு ஞாயிறா வந்து பாக்கிறன்."

அவள் குரல் சின்னதாகிவிட்டது. நான் ஆறுதலடைந்தேன் என்று எழுதுவது சரியில்லை. ஆனாலும் இன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

மார்ச் 2, ஞாயிறு

ஆரணி வந்தாள். கொஞ்ச நேரம்தான் நின்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

மிளகாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பெல்லாம் கரும்பச்சை, அதில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள். செவ்வரத்தைச் சாடிக்குள் இறங்கி முன்கால்களால் மண்ணைப் பிறாண்டுகிறது. ஆரணிக்குப் படம் அனுப்பினேன். அனுப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் வந்தது.

"முட்டை மாமா! முட்டையிட இடம் தேடுது. ஈரமண் ஆழமா வேணும். இல்லாட்டி உள்ளுக்கையே தங்கிச் செத்துப்போம். நான் வாறன்."

நிமலன் எதுவும் கேட்காமல் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மணல் மூட்டை வாங்கி வந்தான். ஆரணி வந்தபோது இருவருமாகப் பெரிய வாளியில் மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தார்கள்.

"இன்னும் தண்ணி வேணுமோ?"

"பிடிச்சுப் பார். கையில உருண்டையா நிக்கவேணும், ஆனா தண்ணி சொட்டக்கூடாது."

"புட்டு மா மாதிரி" என்றான் நிமலன்.

"ஓம், புட்டு மா மாதிரி."

முட்டையிடும்போது ஆள் பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடுமாம். நான் இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்றைக் கூட்டுக்கு முன்னால் திரையாகக் கட்டிவிட்டு மேலே வந்து குசினியில் இருந்தோம். மூன்று பேரும் ஒரு மேசையில். இன்று ஆரணி கதிரையில் இருந்தாள்.

"சோடி இல்லாமலே முட்டையிடுமோ?" என்று நிமலன் கேட்டான்.

"இடும். ஆனா குஞ்சு வராது. கோழி இடுற மாதிரித்தான்."

தங்கேஸ் அக்காவின் போன் அந்த நேரத்தில்தான் வரவேண்டுமா? எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போடுவது வழக்கம்.

"என்ன தம்பி, ஆரணியின்ர கார் வாசலில நிக்குதாம். உன்ர பக்கத்து வீட்டுச் சுகந்தி கண்டவளாம். திரும்பி வந்திட்டாளோ? ஏதும் விசேசமோ?"

நான் போனை எடுத்து அணைப்பதற்குள் ஆரணி குனிந்து, "ஓம் மாமி, விசேசம்தான். முட்டை!" என்றாள்.

அக்கா போனை வைத்துவிட்டா. நிமலன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. ஆரணி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த மேசையில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலம்.

சிரிப்பு அடங்கியதும் ஆரணி எழுந்து தன் கோப்பையைக் கழுவினாள். துடைத்துத் தட்டில் கவிழ்த்தாள். எங்கள் வீட்டில் கோப்பையைக் கழுவித் துடைத்து வைப்பவர்கள் விருந்தாளிகள் மட்டும்தான்.

"நான் வெளிக்கிடுறன். முட்டை போட்டவுடன சொல்லுங்கோ மாமா."

மார்ச் 11, செவ்வாய்

முட்டையிட்டுவிட்டது. மணலைத் தானே மூடி, மேலே மிதித்துச் சரிசெய்துவிட்டு ஏறி வந்திருக்கிறது. வயிறு ஒட்டிக் கண் குழிவிழுந்து இருந்தது. தூவத் தூவத் தண்ணீர் குடித்தது. மணலைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு சிரட்டை நிறைய வெள்ளை முட்டைகள்.

ஆரணியிடம் சொன்னேன். "இனி எப்ப மாமா அதை இடம் மாத்தலாம்? சும்மாதான் கேக்கிறன். சின்னக் கூடெண்டாலும் ஒண்டு வாங்கி வைக்கலாமோ எண்டு..." என்றாள்.

"தெம்பு வர ரெண்டு மூண்டு கிழமை காணும்" என்றேன்.

மூன்று மாதம் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஆரணியின் கார் பதினொரு மணிக்கு வந்து நின்றது. நான் முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நேரம். தலைக்கு மேலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கி முகத்தைத் துடைத்தாள். பிறகு இறங்கி, படியேறி, மணி அடித்தாள். நான் கதவைத் திறந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"எப்பிடி மாமா இருக்கிறியள்? மிளகாய் சாப்பிட்டதோ?"

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் காரில் இருந்துவிட்டு வந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் இன்றுதான் ஜன்னலோரம் இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் மரம் அறுக்கும் வாளை எடுத்தேன். மிளகாயைத் தற்காலிகமாகக் கண்ணாடித் தொட்டிக்கே மாற்றி, உட்பக்கம் கடதாசி ஒட்டி மறைத்துவிட்டேன்.

கோந்து பிடித்த மூட்டை அறுப்பது லேசில்லை. பாதியில் நிமலன் வந்தான். கேட்காமலேயே மறு முனையைப் பிடித்தான்.

"கதவுக்கு அளவா வெட்டுறியளோ?"

"ஓம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் பலகையாக்கி, திருகாணி போட்டுச் சேர்த்தாச் சரி. எந்தக் கதவாலயும் போகும். அவள் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போனாலும் கழட்டிக்கொண்டு போகலாம்."

இன்னொரு மூட்டு அறுந்து விழுந்தது.

"அப்பா, அவள் திரும்பி வரமாட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சாச்சு. தை மாசமே முடிச்சாச்சு. உங்களுக்குச் சொல்ல எனக்கு..."

"தெரியும்" என்றேன். "ஆட்டாமல் பிடி."

பிடித்தான். இந்த வீட்டில் அவன் தானாகத் தொடங்கி இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான். யாரிடம் பேசவேண்டுமோ அவளிடம் பேசியிருக்கிறான் என்பதும் இன்றுதான் தெரிந்தது. நான் கேட்காத சத்தம் எல்லாம் நடக்காத சத்தம் என்று எண்ணியிருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

எட்டுப் பலகைகள். எல்லாம் கதவால் போகின்றன. நானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வானுக்குள் பலகைகள், செவ்வரத்தைச் சாடிகள், கொப்புகள். மிளகாய் என் மடியில், துணி மூடிய பெட்டிக்குள். நிமலன் ஓட்டினான். பலகைகளை லிப்டுக்கு முன்னால் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, "நான் வானில இருக்கிறன்" என்றான். ஆரணி "தாங்ஸ் நிமலன்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது போலத் தெரிந்தது.

வாசலில் மேசை போட்டிருந்த காவலர் ஆரணியிடம், இவர் உங்களுக்கு யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். புது ஆட்களை மேலே விடுமுன் கேட்பது வழக்கமாம். ஆரணி யோசித்தாள். நானும் யோசித்தேன். மாமனாருக்கு அவர்களிடம் இருக்கும் 'பாதர்-இன்-லோ' என்ற சொல்லில் சட்டம் இருக்கிறது. சட்டம் முடிந்தால் சொல்லும் முடிந்துவிடும்.

"அங்கிள்" என்றாள். "என்னுடைய அங்கிள்."

காவலர் சிரித்து வழிவிட்டார். லிப்டில் ஏறிய பிறகு அவள் என்னைப் பார்க்காமல், "பிழையோ மாமா?" என்று கேட்டாள்.

"பிழையில்லை. திருப்பித் தமிழில சொல்லிப் பார். என்ன வருது?"

"மாமா."

"சரிதானே. விடை பொருந்துது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாயின் தம்பியும் மாமா, கணவனின் தகப்பனும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா. எந்த மாமா என்று தமிழில் யாரும் கேட்பதில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில் கூட்டைப் பூட்டினேன். எந்தப் பலகைக்கு எத்தனை திருகாணி என்று முன்பே எண்ணிக் கட்டி வைத்திருந்ததால் வேலை சுலபம். கடைசித் திருகாணியோடு பை வெறுமையாயிற்று. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மிளகாய் முதல் கொப்பில் நெடுநேரம் நின்று, ஒரு கண்ணால் ஜன்னலையும் ஒரு கண்ணால் எங்களையும் பார்த்தது. பின் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மேலே ஏறியது.

இறங்கும்போது ஆரணி சாப்பிட இரண்டு ரோல் கடதாசியில் சுற்றித் தந்தாள். ஒன்று நிமலனுக்கு. வானுக்குள் இருந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 7, திங்கள்

நிலக்கீழ் அறையைக் கூட்டினேன். மரத்தூள் ஒரு பை வந்தது. நிமலன் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் வாங்கி வந்து, வேலையிடத்தில் நடந்த ஒரு கதை சொன்னான். முழுவதும் சொன்னான்.

ஏப்ரல் 9, புதன்

ஆரணி படம் அனுப்பியிருக்கிறாள். மிளகாய் வெயிலில், நல்ல வெளிர்பச்சை. அதன் பின்னால் இன்னொரு படம். அவள் உள்ளங்கையில் ஒரு திருகாணி.

"மாமா, இது ஒண்டு மிஞ்சிக் கிடக்கு. எங்க போடுறதெண்டு தெரியேல்லை. வந்து பாக்கிறியளோ?"

திருகாணி மிஞ்ச வழியில்லை. எண்ணித்தான் கொண்டுபோனேன், எண்ணித்தான் போட்டேன். அந்தத் திருகாணி அவள் கைக்கு வரவேண்டுமென்றால் அவளேதான் அதைக் கழற்றியிருக்கவேண்டும்.

பதில் எழுதினேன்: "படத்தில் பார்த்துச் சொல்ல ஏலாது பிள்ளை. ஞாயிறு வாறன்."